ஷிப்டுக்கு ஒரு சுற்று

மூன்று முறை தேடிப்போய் மூன்று முறையும் கதவு பூட்டியிருந்தால், அந்த வீட்டில் ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது எந்த ஆராய்ச்சிக் கூட்டத்திலும் இல்லை. ஓசூரில், கேஸ் ஏஜென்சி கவுன்டரில் நின்று, தொண்டை கிழியக் கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் தெருமுனை வரைக்கும் போகும். அன்றைக்கு ராயக்கோட்டை சாலையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

சிலிண்டருக்காகச் சண்டை போடப் போனவள், சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் பெங்களூர் பஸ் ஏறினேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் பாரூர் பக்கம். இயற்பியல் படித்துவிட்டு, பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். கல்யாணமானதும் ஓசூரில் குடித்தனம். கணவர் திண்டுக்கல்காரர். தொழிற்பேட்டையில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஆபரேட்டர். ஒரு வாரம் காலை ஏ ஷிப்ட், மறுவாரம் மத்தியானம் பி, அதற்கு அடுத்த வாரம் ராத்திரி சி. ஷிப்ட் ஒன்றுக்கு எட்டு மணி நேரம், நாளைக்கு மூன்று ஷிப்ட். எங்கள் லைன் வீடுகளில் எல்லாக் குடித்தனமும் கம்பெனிக் குடித்தனம்தான். யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்பதைக் கதவில் பூட்டு தொங்குகிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் காலை ஏழு மணிக்கு அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் போய், இருட்டும் நேரத்துக்குத் திரும்புவேன். சி ஷிப்ட் வாரத்தில் நான் செருப்பு மாட்டும்போது அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். புதுசாகக் கல்யாணமானவர்கள் பேசிக்கொள்ள வேண்டியதையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் பேசி முடிப்போம்.

நான் தேடிக்கொண்டிருந்தது பல்சர். அந்தப் பெயரில் ஒரு பைக் ஓடிக்கொண்டிருந்த காலம். ‘உங்க வீட்டம்மாவை நம்ம கம்பெனி ஸ்டாண்டுக்கு வந்து பாக்கச் சொல்லு, வரிசையா நிக்குது’ என்று கணவரின் சிநேகிதர்கள் அவரைப் போட்டு வறுத்தெடுப்பார்கள். நான் தேடியது வேறு. பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்து ஓய்ந்தபின் மிஞ்சுகிற கரு அது. ஓசூர் டவுன் அளவுதான் இருக்கும், எடையோ சூரியனைவிட அதிகம். தன்னைத் தானே சுற்றிக்கொண்டு ரேடியோ அலையை ஒரு பக்கமாக வீசும். கம்பெனியில் சரக்கு தூக்கும் போர்க்லிஃப்ட் தலையில் மஞ்சள் விளக்கு சுற்றுமே, அந்த மாதிரி சுற்றுக்கு ஒரு தடவை நம் பக்கம் வெட்டிவிட்டுப் போகும்.

அதிலும் சில பல்சர்கள் வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுற்றுகின்றன. பக்கத்தில் ஒரு துணை நட்சத்திரம் இருந்து, அதிலிருந்து பொருள் வந்து விழுந்து விழுந்தே அந்த வேகம் ஏறியது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்குப் பிடித்ததும் என்னைப் பாடாய்ப் படுத்தியதும் இந்த ஜாதிதான். ஓசூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நம்மை நோக்கி வரும்போது ஒரு சுருதி, தாண்டிப் போனதும் வேறு சுருதி. அதேபோல இந்தப் பல்சர் நம்மை நோக்கி வரும்போது அதன் துடிப்பு நெருங்கிக் கேட்கும், விலகிப் போகும்போது இடைவெளி கூடும். ஒரே சீரான துடிப்பைத் தேடுகிற கம்ப்யூட்டருக்கு இது பிடிபடாது. ‘இது இத்தனை வேகமாக மாறுகிறது’ என்று நாமே ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்கேற்ப மொத்தப் பதிவையும் இழுத்துச் சரிசெய்து தேட வேண்டும். வரவில்லையா, வேறொரு வேகத்தை வைத்துக்கொள். வேலை அதுதான், திரும்பத் திரும்ப அதுதான்.

தொலைநோக்கி மகாராஷ்டிரத்தில் இருந்தது. அங்கே எடுத்த பதிவுகள் ஹார்டு டிஸ்கில் பெங்களூருக்கு வரும். பல மாதம் வெறும் இரைச்சலைச் சலித்தபின், ஒரு பதிவில் அது வந்தது. வினாடிக்கு முந்நூற்றைம்பதுக்குக் கொஞ்சம் கீழே, மங்கலாக, ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வேகம் மாறிக்கொண்டு. நாற்காலியில் உட்கார முடியவில்லை. கான்டீனுக்குப் போய் வெறும் வயிற்றில் இரண்டு காபி குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அங்கேதான் இருந்தது.

என் வழிகாட்டி வீட்டில் கன்னடம் பேசுகிறவர், என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். எத்தனை கோபத்திலும் ‘நீங்க, வாங்க’தான். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரே வார்த்தை சொன்னார்.

“கரண்ட்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். நம் மின்சாரம் வினாடிக்கு ஐம்பது முறை துடிக்கிறது. அதன் ஏழு மடங்கு முந்நூற்றைம்பது. எங்கேயோ ஒரு மோட்டாரோ ஜெனரேட்டரோ ஓடினால் அந்த மடங்குகளும் ரேடியோவில் கேட்கும். அப்புறம், நம் ஊர்க் கரண்ட் ஐம்பதிலா நிற்கிறது? லோடு ஏற ஏற நாற்பத்தொன்பதுக்கு இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். வேறு நாட்டில் கரண்ட் அசையாது, அங்கே துடிப்பு நகர்ந்தால் நட்சத்திரமா என்று பார்க்கலாம். இங்கே கரண்டே இரட்டை நட்சத்திரம் மாதிரி வேஷம் போடும். இதில் ஏமாந்தவர்கள் எங்கள் கூடத்தில் எனக்கு முன்பே இருந்தார்கள்.

கரண்டா நட்சத்திரமா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை உண்டு. விண்வெளியைக் கடந்து வரும் துடிப்பில் மேல் அலைவரிசை முந்தி வரும், கீழ் அலைவரிசை பின்தங்கி வரும். அந்தத் தாமதத்தைச் சரிசெய்து பார்த்தால்தான் துடிப்பு கூர்மையாகத் தெரியும். பூமியிலேயே கிளம்பிய கரண்ட் சத்தத்துக்குத் தாமதமே கிடையாது. அதனால் தாமதத்தைப் பூஜ்யம் என்று வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் துடிப்பு நின்றால் அது கரண்ட், காணாமல் போனால் வானம். என் பதிவிலோ அதே இடத்தில் கரண்ட் சத்தமும் கொஞ்சம் கலந்து தொலைத்திருந்தது. பூஜ்யம் வைத்தாலும் ஏதோ ஒரு மேடு தெரிந்தது. அவர் ‘பாத்தீங்களா’ என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இருந்தாலும் மனுஷர் நியாயஸ்தர். மறுபடி பார்த்து முடிவு செய்யலாம் என்று, சில மாதம் கழித்துத் தொடர்ந்து மூன்று நாள், நாளைக்கு ஒரு மணி நேரம் வாங்கித் தந்தார். வானத்தில் அந்தத் திசை உச்சிக்கு வரும்போதுதான் இரைச்சல் குறைவு என்பதால் மூன்று நாளும் அதே உச்சி நேரத்தைக் குறித்தார். நான் வேண்டாத சாமி இல்லை. முதல் நாள் பதிவில் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பதிவை விடிய ஆரம்பித்துச் சாயங்காலம் வரைக்கும் எல்லா வேகத்தையும் வைத்துப் பார்த்தேன். வெறும் தட்டைக் கோடு. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

துணை நட்சத்திரத்தின் பின்னால் மறைந்திருக்கலாமே என்று நான் கேட்காமல் இல்லை. சில இரட்டைகளில் துணையிலிருந்து கிளம்பும் வாயு அலையை மறித்துக்கொள்ளும், அந்த நேரத்தில் பல்சர் கேட்காது. எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவர் அதற்கும் பதில் வைத்திருந்தார். ஒரு தடவை மறைந்தது என்றால் ஒப்புக்கொள்ளலாம், சுற்றிக்கொண்டே இருக்கிற பொருள் மூன்று நாளும் நாம் பார்க்கும் நேரம் பார்த்து ஒளிந்துகொண்டதா என்றார்.

என் உதவித்தொகை அந்த ஆண்டோடு முடிகிறது. தொலைநோக்கியில் எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு முறை. அதைப் புதிய திசைக்குப் பயன்படுத்துங்கள், ஆய்வேட்டில் எழுத ஏதாவது கிடைக்கும் என்றார் வழிகாட்டி. எதுவும் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சி அத்துடன் சரி. ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கணவர் விசாரித்து வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போவதில் எனக்கு ஒரு குறைச்சலும் தோன்றவில்லை. அந்த நட்சத்திரத்தைக் கரண்ட் என்று சொல்லி மூடிவிட்டுப் போக வேண்டுமே, அதுதான் நெஞ்சை அறுத்தது. நான் போய்விட்டால் அந்தத் திசையை இனி ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இந்தத் துக்கத்துக்கு நடுவில்தான் வீட்டில் கேஸ் தீர்ந்தது. பதிவு செய்து எத்தனையோ நாளாகியும் சிலிண்டர் வரவில்லை. கரண்ட் அடுப்பில் சோறு வைத்தால் பாதி வேகும்போது பவர் கட். அந்த வருடங்களில் பவர் கட்டுக்கு அட்டவணையே இருந்தது, ஆனால் அட்டவணைப்படி போகுமே தவிர அட்டவணைப்படி வராது. மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்த ரசத்தில் மண்ணெண்ணெய் வாசம். கணவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார், கம்பெனி கான்டீன் புண்ணியத்தில் உயிர் வாழ்ந்தார். ஒரு சனிக்கிழமை காலையில் எனக்குப் பொறுக்கவில்லை. கேஸ் ஏஜென்சிக்குப் போனேன். உங்கள் வீடு காலி என்று இருக்கிறதே, பதிவை ரத்து செய்துவிட்டோம் என்றாள் கவுன்டர் பெண். எங்கள் தெருவுக்கு சிலிண்டர் போடுகிறவரும் அங்கேயே நின்றிருந்தார்.

“மூணு தபா வந்தேம்மா,” என்றார். “மூணு தபாவும் பூட்டிக் கெடக்குது. சரி, காலி பண்ணிட்டாங்க போலன்னு சொல்லிட்டேன்.”

“எத்தனை மணிக்கு வந்தீங்க?”

“உங்க தெருவுக்கு என் வண்டி பதினோரு மணிக்குத்தாம்மா வரும். டெய்லி அதே டைம்தான்.”

எந்த வாரம் என்று கேட்டேன். கணவர் ஏ ஷிப்டுக்குப் போன வாரம்தான். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

“ஏ ஷிப்ட் வாரத்துல பதினோரு மணிக்கு யாருங்க வூட்டுல இருப்பாங்க? மூணு நாளும் ஒரே நேரத்துக்கு வந்துட்டு, மூணு நாளும் ஆளக் காணோம்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா? ரெண்டு மணிக்கு மேல ஒரே ஒரு தபா வந்து பாத்திருந்தா...”

வாய் அப்படியே நின்றுவிட்டது. கவுன்டர் பெண் எனக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஒரே நேரம். மூன்று நாளும் அதே உச்சி நேரம். கணவர் ஷிப்டுக்குப் போய் வருகிற ஆள், வீட்டிலும் இருக்கிறார், கம்பெனியிலும் இருக்கிறார். ஆனால் அவருடைய சுற்று நாளோடு ஒத்துப்போகிறது. அதனால் பதினோரு மணிக்கு எத்தனை நாள் வந்தாலும் பூட்டுதான். அந்த இரட்டை நட்சத்திரத்தின் சுற்றும் ஒரு நாளுக்குள் மிச்சமில்லாமல் அடங்குகிற கணக்காக இருந்தால்? எட்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று, ஒரு நாளைக்கு மூன்று சுற்று என்று வைத்துக்கொண்டால்? இன்றைக்கு உச்சி நேரத்தில் துணைக்குப் பின்னால் இருந்தால் நாளைக்கும் அதே நேரத்தில் அங்கேதான் இருக்கும், மறுநாளும் அங்கேதான். கணக்கு அச்சு மாறாமல் ஒத்துப்போக வேண்டும் என்றுகூட இல்லை. தினம் கொஞ்சம் நகர்ந்தாலும் மூன்று நாளில் மறைவை விட்டு வெளியே வந்துவிடாது, மாதக் கணக்கில் நகர்ந்தால்தான் வரும். முதல் முறை கேட்டது ஏன், அப்புறம் கேட்காமல் போனது ஏன் என்பதற்கும் இதுவே பதில். ஷிப்டுக்கு ஒரு சுற்று. அட கடவுளே, இத்தனை நாளாக ஷிப்டிலேயே குடித்தனம் நடத்துகிறவளுக்கு இது தோன்றவில்லையே என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

மறுபடி பதிவு பண்ணுங்க, சாயங்காலமாகக் கொண்டுவாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். வந்த வண்டியில் தொற்றிக்கொண்டு, அத்திப்பள்ளியில் இறங்கி மாறி, பெங்களூர் போய்ச் சேரும்வரை கால் தரையில் பாவவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எதற்கம்மா சிரிக்கிறாய் என்று தெலுங்கில் கேட்டார். தெரிந்த தெலுங்கில் நல்ல சேதி என்றேன்.

சனிக்கிழமையும் வழிகாட்டி அறையில்தான் இருப்பார். கேஸ்காரரிலிருந்து ஆரம்பித்து ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. வசதியான கதை என்றார். எட்டு மணி நேரம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். ஆதாரம் இல்லை, ஆறாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம், எதுவானாலும் உச்சி நேரத்தை விட்டுத் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். அந்தத் திசை மேற்கே நன்றாகச் சாய்ந்தபிறகு பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். அப்போது இரைச்சல் அதிகம், பாழாய்ப்போகும் என்றார். பாழாய்ப் போகட்டும் என்றேன். என் குரல் வராந்தா வரை போயிருக்கும், பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது.

அவர் என் பழைய படத்தை எடுத்து மறுபடி ஒரு முறை பார்த்தார்.

“இது உங்க கடைசி முறை. நீங்க கேக்கற நேரத்துக்கே ரெண்டு மணி நேரம் வாங்கித் தரேன்,” என்றார். “ஆனா ஒண்ணும் வரலைன்னா, அது கரண்ட்னு ஆய்வேட்டுல நீங்களே எழுதணும்.”

சரி என்றேன். சொல்லும்போது தைரியமாகத்தான் சொன்னேன். பஸ்ஸில் திரும்பும்போது அந்த வாக்கியத்தை எப்படி எழுதுவது என்று மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன்.

சில வாரம் கழித்து, பதிவு எடுத்தாயிற்று என்று தொலைநோக்கியிலிருந்து தகவல் வந்து, ஹார்டு டிஸ்க் பெங்களூர் வந்து சேர்ந்தது. நிலையத்தின் பெரிய கம்ப்யூட்டர்களில் வேறொருவருடைய வேலை வரிசையில் நின்றது. அது முடியும்வரை காத்திருக்க என்னால் ஆகாது. பதிவை எங்கள் வீட்டு டிஸ்கில் நகலெடுத்து, டிபன் கேரியரைப் போலத் துண்டில் சுற்றி மடியில் வைத்து ஓசூருக்குக் கொண்டுவந்தேன். கணவர் போனஸில் வாங்கித் தந்த கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. எந்தத் தாமதம் என்று முதல் பதிவிலேயே தெரியும், அதனால் அந்த ஒன்றை மட்டும் வைத்து, வேகங்களை மட்டும் மாற்றி மாற்றித் தேடினால் போதும். ஒரு கம்ப்யூட்டருக்கு அது ஒரு நாள் வேலை.

அந்த வாரம் கணவருக்கு சி ஷிப்ட். பகலில் தூங்குவார். சி ஷிப்ட் ஆள் தூங்கும் வீட்டில் ஒரு சத்தம் வரக்கூடாது என்பது எங்கள் லைனில் எழுதாத சட்டம். குக்கர் விசில் அடிக்க விடமாட்டோம், குழந்தைகளை அடுத்த சந்துக்குத் துரத்துவோம். நான் லீவு போட்டுவிட்டு, ஜன்னலில் போர்வை கட்டிய அறையில், மானிட்டர் வெளிச்சத்தில் விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிகாலையில் தொடங்கிய வேலை மத்தியானச் சோற்று நேரம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. வந்த படங்கள் எல்லாம் இரைச்சல். இரைச்சல். மறுபடி இரைச்சல். ஒன்றில் முந்நூறின் பக்கம் ஒரு மேடு, பார்த்தால் அது கரண்ட்தான், சொல்லிவைத்த மாதிரி ஐம்பதின் ஆறு மடங்கு. அதைப் பார்த்தபோது எனக்குத் தோற்றுவிட்டோம் என்றே தோன்றிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு என்ன புடவை கட்டிக்கொண்டு போவது என்றுகூட யோசித்தேன்.

அடுத்த படம் திறந்தது. இரண்டு மணி நேரப் பதிவின் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு, கறுப்பாக, கூர்மையாக, ஓரிடத்தில்கூட அறுந்துபோகாமல். முந்நூற்றைம்பதுக்குக் கொஞ்சம் கீழே. முதல் முறை மங்கலாகக் கேட்டது இப்போது அறைந்தாற்போல நின்றது. கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. லைனில் எல்லாக் கதவும் திறந்தது.

கணவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடிவந்தார்.

“என்னாச்சு? ஷாக்கு அடிச்சிருச்சா?”

“இருக்குதுங்க,” என்றேன். “வூட்டுலதான் இருக்குது.”

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் என் தலையில் கைவைத்து, ‘அதான் இருக்குதுல்ல, அழுகாத’ என்றார். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வழிகாட்டிக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, தாமதத்தைப் பூஜ்யம் வைத்துப் பார்த்தீர்களா என்பதுதான். இதோ பார்க்கிறேன் என்று சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது. யூ.பி.எஸ். கீச்கீச் என்று கத்தியது. அவசரமாகக் கம்ப்யூட்டரை அணைத்தேன். கரண்ட் எப்போது வரும் என்று அவர் கேட்டார். ரெண்டு மணி நேரம் என்று பெயர், அவர்கள் இஷ்டம் என்றேன். பிறகு வீட்டுக்கு வழி கேட்டார்.

அந்த இரண்டு மணி நேரம் இருக்கிறதே, என் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட நான் அப்படித் தவித்ததில்லை. கோடு அழகாகத்தான் இருந்தது. ஆனால் பூஜ்யம் வைத்தும் அது நின்றுவிட்டால்? அழகான கரண்ட் என்று ஒன்று இருக்கக்கூடாதா என்ன? கணவர் தூக்கத்தை விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து என்ன சேதி என்று கேட்க, அவர், கண்டுபிடிச்சிருக்கு, கரண்டு வந்தாத்தான் கரண்டா இல்லையான்னு தெரியும் என்று சொல்லி அவர்களை மேலும் குழப்பினார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார் வழிகாட்டி. என் கணவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, படியிலேயே உட்கார்ந்துகொண்டார். கரண்ட் வரவில்லை. உள்ளே போய் உட்காரச் சொன்னால் காற்று இங்கேதான் வருகிறது என்றார். அவரும் படபடப்பாக இருக்கிறார் என்று அவர் காலாட்டுவதிலிருந்து தெரிந்தது. அவரை நான் அதற்கு முன்னால் காலாட்டிப் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து சந்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார் கேஸ்காரர், பின்னால் புதுப் பதிவுக்கான சிலிண்டர்.

“சாயந்தரம் வரச் சொன்னீங்களேம்மா. இன்னிக்கு வூடு நெறையா ஆளு இருக்குதே!”

இவர்தானா என்று வழிகாட்டி என்னைக் கேட்டார். இவர்தான் என்றேன். வழிகாட்டி எழுந்து, அந்த மனிதருக்குக் கை கொடுத்தார். கேஸ்காரர் கையை இழுத்துச் சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். எதற்கு என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. புது சிலிண்டரை மாட்டி எல்லோருக்கும் டீ போட்டேன். பல வாரத்துக்குப் பிறகு மண்ணெண்ணெய் வாசமில்லாத டீ.

டீ பாதி குடிக்கும்போது கரண்ட் வந்தது. கையில் தம்ளரோடே உள்ளே ஓடினோம். கம்ப்யூட்டர் உயிர்பெற்று வருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. தாமதம் என்று இருந்த இடத்தில் பூஜ்யம் வைத்து, ஓடவிட்டேன். கணக்கு ஓடுகிற நேரம் முழுக்க மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தோம். கரண்ட் மறுபடி போய்விடக் கூடாது என்று கணவர் ஃபேனை நிறுத்திவிட்டார், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

படம் திறந்தது. அந்தக் கறுப்புக் கோட்டைக் காணோம், மேலிருந்து கீழ்வரை ஒன்றுமே இல்லை. வெறும் தட்டைக் கோடு.

அன்றைக்கு மூன்று நாளும் என்னை அழவைத்த அதே வெறுமை. ஆனால் இப்போது அது இல்லாமல் போனதுதான் சாட்சி. தாமதத்தை எடுத்தால் காணாமல் போகிறது, வைத்தால் நிற்கிறது. இந்த ஊரிலோ வேறு எந்த ஊரிலோ எந்த மோட்டாரும் அனுப்பியது இல்லை. வானத்திலிருந்து வருகிறது.

‘ஒண்ணுமே இல்லையே’ என்று கணவர் கவலையாக என் காதில் சொன்னார். அதாங்க வேணும் என்றேன்.

வழிகாட்டி இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“நீங்களே எழுதணும்னு சொன்னேன் இல்லையா?” என்றார். “எழுதுங்க. கரண்ட் இல்லைன்னு எழுதுங்க.”

நான் நோட்டையும் பேனாவையும் எடுத்தேன்.

“அடுத்த தடவை எத்தனை மணிக்குப் பாக்கலாம்? நேரத்தை நீங்க சொல்லுங்க.”

தெருமுனை வரைக்கும் போகிற என் குரல் அப்போது அந்த அறையின் சுவரைக்கூடத் தொடவில்லை.

“எல்லா நேரமும் சார். உதிக்கறதுல இருந்து மறையற வரைக்கும்.”

“சரி,” என்றார். பிறகு எல்லோருடைய டீ தம்ளரையும் அவரே எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவைத்தார்.